செடியில் செய்த பிளாஸ்டிக்: வாசகர் கேள்விகள்

வியாசர்பாடி வாசகி: மகள் வளைகாப்புக்கு, சோளத்தில் செய்த டப்பா என்று 200 வாங்கினோம். சாம்பார் ஊற்றியதும் நெளிந்து மூடி கழன்றுவிட்டது. "இவ்வளவு சூடாகவா ஊற்றுவது?" என்கிறார் கடைக்காரர்.

சாம்பாரை வேறு எப்படி ஊற்றுவதாம்? சோளச் சர்க்கரையிலிருந்து வரும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக், சாதாரண வகை என்றால் 60 டிகிரியை நெருங்கும்போதே தளர்ந்துவிடும். சூடு தாங்கும்படி பதப்படுத்தியதும் உண்டு, விலை கூட. எதை விற்கிறோம் என்று சொல்வது அவர் பொறுப்பு. மீதி டப்பாக்களைத் தூக்கிப் போடாதீர்கள். பில், போட்டோவுடன் எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அப்புறம் வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. விடாதீர்கள் அம்மா.

ராயபுரம் வாசகர்: மக்கும் தட்டு என்று வாங்கியது ஒழுகுகிறது. பில் இல்லை, கடைப் பெயரும் ஞாபகமில்லை.

அப்போ யார் மேல் புகார் கொடுக்கச் சொல்கிறீர்கள்?

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்: கரும்பு பிளாஸ்டிக் பாட்டில், இரண்டு மடங்கு விலை. காயலான் கடையில் எடுப்பார்களா?

அடியில் முக்கோணத்துக்குள் என்ன நம்பர்? 2 என்றால், கரும்பு எத்தனாலில் செய்த பாலிஎதிலீன். பிரேசிலில் 2010-லிருந்து பெரிய அளவில் செய்கிறார்கள். பெட்ரோலியத்தில் வருவதும் இதுவும் ஒன்றேதான், உறுதியும் அதேதான். தாராளமாகப் போடலாம், ஆனால் மண்ணில் மக்காது. 7 என்று போட்டிருந்தால் பிஎல்ஏவாக இருக்கலாம். கடையில் தண்ணீர் விற்கும் பெட் (PET) பாட்டில் மாதிரியே பளபளக்கும், ஆனால் பெட் உருக 250 டிகிரி வேண்டும். பிஎல்ஏ அதோடு கலந்தால், 180-க்குள்ளேயே உருகி மொத்தச் சரக்கையும் கெடுக்கும். பிஎல்ஏவைத் திரும்ப அதன் மூலப்பொருளான லாக்டிக் அமிலமாக உடைத்துப் புதிதாகச் செய்யலாம்தான். அதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டுமே, நம் தெருவில் யார் சேர்க்கிறார்கள்? கொடுங்கையூர் குப்பை மேட்டில் போய் விழும். செடியில் வந்தது, மக்குவது, மறுசுழற்சி ஆவது மூன்றும் வேறு வேறு சங்கதி. ஒரு பச்சை இலைப் படத்தைப் போட்டு மூன்றையும் ஒன்றாக விற்கிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆதாரமில்லாமல் இப்படிச் சொல்லக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விதிமுறையே போட்டிருக்கிறது.

கொருக்குப்பேட்டை வாசகி: மக்கும் பையை மாடித் தோட்டத் தொட்டியில் புதைத்தேன். ஏழு மாதமாக அப்படியே இருக்கிறது.

பையில் தயாரிப்பாளர் பெயரும் சான்றிதழ் எண்ணும் உண்டா? இல்லாவிட்டால் வெறும் பிளாஸ்டிக்காகவே இருக்கலாம். அவை இருந்தாலும், 58 டிகிரி சூடுள்ள உரக்கூடத்தில் மக்குவதற்கான சான்றுதான் அது. தொட்டி மண்ணுக்கு அந்தச் சூடு ஏது?

தண்டையார்பேட்டை வாசகர்: மூங்கில் டிபன் பாக்ஸை மைக்ரோவேவில் வைக்கலாமா?

வேண்டாம். பல 'மூங்கில்' டப்பாக்கள் மூங்கில் தூள் கலந்த மெலமைன் என்ற கெட்டி பிளாஸ்டிக்தான். சூட்டில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ரசாயனம் கசியும், உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. நான் வாங்கியதில் இப்போது துணி மாட்டும் கிளிப் கிடக்கிறது.