ஆர்கானிக் நூல் வாங்கியும் லேபிள் கிடைக்கவில்லையா?

ஆர்கானிக் நூல்தான் போட்டோம், ஆனாலும் ஜெர்மனி பையர் காட்ஸ் (GOTS, ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரச்சான்று) லேபிள் போட விடவில்லை என்கிறீர்கள். குறை நூலில் இல்லை, காட்ஸ் சான்று இல்லாத சாயப்பட்டறையில். ஜின்னிங்கிலிருந்து (பஞ்சிலிருந்து விதை பிரிப்பது) பேக்கிங் வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் சான்று வேண்டும். பிரிண்டிங் ஜாப் ஒர்க்கும் சேர்த்திதான்.

"எங்களிடம் ஜீரோ டிஸ்சார்ஜ் இருக்கே" என்பார் டையிங்காரர்; சாயக் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு அது. 2011 உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு திருப்பூரில் அது இல்லாமல் பட்டறையே ஓடாது, சார். காட்ஸ் வேறு.

மில்லில் பில்லோடு நிற்காமல் அந்த நூல் லாட்டுக்கான டிரான்ஸாக்ஷன் சர்டிபிகேட்டையும் (விற்ற சரக்கு சான்றுள்ளதுதான் என்று காட்டும் தாள்) கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் உங்கள் சரக்குக்குச் சான்று வராது. சான்றுள்ள டையிங்கில் கூலி கூடும்தான்; ஆர்டர் பேசும்போதே விலையில் ஏற்றுங்கள், அப்புறம் கேட்டால் எந்தப் பையரும் தரமாட்டார். சாயம் ஏறிவிட்ட இந்த லாட்டைச் சாதாரணச் சரக்காகவே அனுப்பிவிடுங்கள்.