எட்டு முறை மறுத்தும் அழுகை ஏன் நிற்கவில்லை?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. கைப்பேசி கேட்டு அழ ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓயமாட்டான். தரையில் புரளுவான், கதவை உதைப்பான். பத்து முறை கேட்டால் எட்டு முறை நான் கொடுப்பதில்லை. தலைவலி தாங்காதபோதோ, வீட்டுக்கு யாராவது வந்திருக்கும்போதோ இரண்டு முறை கொடுத்துவிடுவேன், அவ்வளவுதான். இவ்வளவு கண்டிப்பாக இருந்தும் அடம் கூடிக்கொண்டேதான் போகிறது. "ரெண்டு அடி போட்டா வழிக்கு வருவான்" என்கிறார் மாமியார். என் கணவர் ஒரு அட்டை மாட்டி, அழாமல் இருந்தால் ஒரு ஸ்டிக்கர், படம் வரைந்தால் ஒரு ஸ்டிக்கர் என்று ஒட்டி வருகிறார். நான் எங்கே தவறுகிறேன்?
(பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் 'பத்துக்கு எட்டு' என்ற கணக்கைத் தாண்டி என்னால் சட்டென்று நகர முடியவில்லை. எட்டு முறை மறுப்பது எவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் மகன் பாடம் படிப்பது மீதி இரண்டு முறையில்தான். கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் செய்ய வேண்டியது பாதி தானாகவே தெரிந்துவிடும்.

பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1930களில் எலிகளை வைத்து ஆய்வு செய்துவந்தார். பெட்டிக்குள் ஒரு நெம்புகோல் இருக்கும். எலி அதை அழுத்தினால் ஒரு தீனி உருண்டை விழும். அந்த உருண்டைகளை அவரே கையால் செய்துகொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை மதியம் கையிருப்பைப் பார்த்தால், திங்கட்கிழமை காலைக்கே தீர்ந்துவிடும் போலிருந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் எதற்காகத் தீனி தர வேண்டும், நிமிடத்துக்கு ஒன்று போதாதா என்று அப்போதுதான் யோசித்தார். எலிகள் சோர்ந்துபோகவில்லை, சீராக அழுத்திக்கொண்டே இருந்தன. பிறகு பல ஆண்டுகள் சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து புறாக்களை வைத்து இதையே ஆராய்ந்து, 1957இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். எத்தனையாவது முயற்சிக்குப் பரிசு கிடைக்கும் என்று தெரியாத ஏற்பாட்டில்தான் புறாக்கள் இளைப்பாறாமல் வேகமாகக் கொத்தின. சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் மனிதர்களை உட்கார வைப்பதும் இதே ஏற்பாடுதான்.

ஒரு செயலுக்குப் பின்னால் கிடைக்கும் விளைவு அந்தச் செயலை மேலும் அடிக்கடி நிகழவைத்தால், அதை 'வலுவூட்டல்' என்கிறோம். சில முறை மட்டும் கிடைத்தால் அது பகுதி வலுவூட்டல். எல்லா முறையும் கிடைத்துவந்த பழக்கத்தைவிட, சில முறை மட்டும் கிடைத்துவந்த பழக்கம் பரிசு நின்ற பிறகும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். 1939இல் லாய்ட் ஹம்ஃப்ரிஸ் இதை மனிதர்களின் கண் சிமிட்டலிலேயே காட்டினார். ஒரு சைகை காட்டி ஒவ்வொரு முறையும் கண்ணில் காற்று ஊதப்பட்டவர்கள், ஊதுவது நின்றதும் அந்தச் சைகைக்குச் சிமிட்டுவதைச் சீக்கிரம் விட்டார்கள். பாதி முறை மட்டும் ஊதப்பட்டவர்கள் விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தார்கள். எப்போதும் கிடைத்தது ஒருநாள் நின்றால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எப்போதாவது கிடைப்பது நின்றுவிட்டது என்று எப்படித் தெரியும்? எட்டு முறை மறுக்கப்பட்ட உங்கள் மகனுக்கு, ஒன்பதாவது முறை கிடைக்கலாம் என்பது அனுபவம்.

இதில் இன்னொன்றும் நடக்கிறது. நீங்கள் அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிட்டுக் கொடுக்கிறீர்கள். அப்போது பரிசு கிடைப்பது அரை மணி நேர அழுகைக்கு. ஐந்து நிமிடத்தில் கொடுத்திருந்தால் அவன் ஐந்து நிமிட அழுகையோடு நின்றிருப்பான். விலங்குகளுக்கு வித்தை பழக்குபவர்கள் இப்படித்தான் படிப்படியாக எதிர்பார்ப்பை உயர்த்துவார்கள். நீங்கள் அறியாமல் செய்ததும் அதுவே.

இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களையும் ஒரு வலுவூட்டல் பிடித்து வைத்திருக்கிறது. கைப்பேசி கை மாறிய நொடியில் வீடு அமைதியாகிறது, தலைவலி இறங்குகிறது. வேண்டாத ஒன்று விலகுவதால் ஒரு செயல் வலுப்பெறுவதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். பலர் இதைத் தண்டனை என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது தவறு. அவன் அழுகைக்குக் கைப்பேசி பரிசு, நீங்கள் கொடுப்பதற்கு அமைதி பரிசு. ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் குடும்பங்களை வீட்டிலேயே கவனித்து, பெற்றோரும் பிள்ளையும் ஒருவரையொருவர் இப்படிப் பழக்கிக்கொள்ளும் வலையைத்தான் ஆண்டுக்கணக்கில் விவரித்தார். உங்களுக்கு மனவுறுதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, என்ன செய்வது? அழுகைக்குக் கைப்பேசி கிடைப்பது முற்றிலும் நிற்க வேண்டும். பத்துக்குப் பத்து. 1959இல் கார்ல் வில்லியம்ஸ் பதிவுசெய்த ஒரு குழந்தையின் கதை இங்கே உதவும். 21 மாதக் குழந்தை, முன்பு நெடுநாள் நோயில் கிடந்தவன். குணமான பிறகும் இரவில் அவன் தூங்கும்வரை யாராவது அறையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்துவான். அன்பாகப் படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் போவதில்லை என்று பெற்றோர் முடிவெடுத்தார்கள். முதல் முறை 45 நிமிடம் அழுதான். பத்தாவது முறை அழவே இல்லை, சிரித்தான். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, படுக்கவைத்த அத்தை அவன் அழுகை கேட்டு அறைக்குத் திரும்பிப் போய், தூங்கும்வரை இருந்தார். அந்த ஒரே முறை போதுமாக இருந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை உறுதியாக நின்ற பிறகு, அடுத்த இரண்டு ஆண்டுகள் படுக்கை நேர அழுகை வரவில்லை. அதனால், இன்றிரவே நீங்களும் கணவரும் மாமியாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். மூவரில் ஒருவருக்கு முடியாது என்று தோன்றினால், முடியும்வரை தொடங்காமல் இருப்பதே நல்லது. பாதியில் விடுவது, இப்போது இருப்பதைவிட விடாப்பிடியான அழுகையைத்தான் வளர்க்கும்.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அந்தக் குழந்தை கேட்டது ஆளின் அருகாமை. உங்கள் மகன் கேட்பது கைப்பேசி. ஆகவே நிறுத்த வேண்டியது கைப்பேசியை மட்டும்தான். அவன் பக்கத்தில் உட்காரலாம், முதுகைத் தடவிக்கொடுக்கலாம், "கோபமா இருக்கு, தெரியுது" என்று சொல்லலாம். அழும் பிள்ளையைத் தனியாக அறையில் அடைக்கச் சொல்கிறேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் சில நாட்களில் அழுகை வழக்கத்தைவிட உக்கிரமாகலாம். பொத்தானை அழுத்தியும் மின்தூக்கி வராவிட்டால் நாம் இன்னும் ஓங்கி அழுத்துவதில்லையா, அதுபோல. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வருவதில்லை. வந்தால், முறை பலிக்கவில்லை என்று பயந்து விட்டுவிடாதீர்கள்.

மறுப்பதோடு நிறுத்தினால் அவனுக்குப் போக வழி இருக்காது. எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் 1985இல், முரண்டு பிடித்த சில பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். சிலர் கவனம் கிடைக்க முரண்டு பிடித்தார்கள், சிலர் கடினமான வேலையிலிருந்து தப்ப. ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவையானதை வாயால் கேட்கச் சொல்லிக்கொடுத்ததும் முரண்டு வெகுவாகக் குறைந்தது. காரணத்தோடு பொருந்தாத வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தபோது பலனில்லை. எனக்கு இந்த ஆய்வின்மேல் தனி மதிப்பு உண்டு, பிள்ளை எதைச் சொல்ல முயல்கிறது என்று அது முதலில் கேட்கிறது. கைப்பேசிக்குத் தினமும் ஒரு நேரம் வையுங்கள். "இப்போ நேரமாச்சா?" என்று அமைதியாகக் கேட்கப் பழக்குங்கள், நேரமாகியிருந்தால் உடனே கொடுங்கள், தாமதிக்க வேண்டாம். நேரம் நெருங்க நெருங்க அவன் அடிக்கடி கேட்பான். ஸ்கின்னரின் விலங்குகளும் அப்படித்தான் செய்தன. அவன் கண்ணில் படும் இடத்தில் ஒரு கடிகாரம் இருந்தால், உங்களுக்குப் பதில் அது பதில் சொல்லும்.

மாமியார் சொல்லும் அடியைப் பற்றி: ஸ்கின்னர் 1938இல் வெளியிட்ட ஆய்வில், தீனி நின்றபின் நெம்புகோலை அழுத்திய சில எலிகளின் பாதத்தில் அடி விழுந்தது. சிறிது நேரம் அழுத்தல் குறைந்தது. ஆனால் கடைசியில் எண்ணிப் பார்த்தால், அடி வாங்காத எலிகள் அளவுக்கே அவையும் அழுத்தியிருந்தன. இன்னும் பலமாக அடித்தால் அடங்கும்தான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையை அப்படி அடக்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை, நீங்களும் சம்மதிக்க வேண்டாம்.

ஸ்டிக்கர் அட்டையில் பாதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அமைதியாகக் கேட்டதற்கு ஸ்டிக்கர் தரலாம், அது இன்னும் அவனுக்குப் பழகாத செயல். படம் வரைவதற்கான ஸ்டிக்கரை நிறுத்திவிடச் சொல்லுங்கள். மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1973இல், வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள சிறு பிள்ளைகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வரைந்தால் பரிசுச் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. அவன் வரைந்த படத்தைக் கையில் வாங்கி, "இந்த நாய் எங்கே ஓடுது?" என்று கேளுங்கள், போதும்.

அழும்போது தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ, தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தாலோ, பேச்சில் பின்தங்கல் தெரிந்தாலோ, இதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுக் குழந்தை நல மருத்துவரையோ உளவியலாளரையோ முதலில் பாருங்கள்.

விருந்தாளிகள் வரும் நாள்தான் உங்களுக்குக் கஷ்டமான நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று பட்டால், அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அவன் வாய் திறப்பதற்கு முன்பே, நீங்களாகவே கொடுத்துவிடுங்கள். அவன் அழத் தொடங்கிவிட்டால் அன்று கைப்பேசி இல்லை, யார் வந்திருந்தாலும்.