திருமணத்திற்கு முன் முடி நடவு: சேமநிதிப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 29 வயது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறேன். பிடித்தம் போக மாதம் 3,600 ரிங்கிட் கைக்கு வருகிறது. இரண்டு ஆண்டுகளாக நெற்றியின் இருபுறமும் முடி ஏறிக்கொண்டே போகிறது. இன்னும் ஐந்து மாதத்தில் எனக்குத் திருமணம். ஜார்ஜ்டவுனில் ஒரு கிளினிக்கில் 2,000 கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் சிறு முடிக்கொத்து) நடுவதற்கு 14,000 ரிங்கிட் கேட்கிறார்கள். இம்மாத இறுதிக்குள் முன்பணம் கட்டினால் 1,500 ரிங்கிட் கழிவு உண்டாம். ஊழியர் சேமநிதியில் (இபிஎஃப்), எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய பிளெக்சிபல் கணக்கில் 6,200 ரிங்கிட் இருக்கிறது. அதை எடுத்து, மீதத்திற்கு 6 விழுக்காட்டில் ஐந்தாண்டுத் தனிநபர் கடன் வாங்கலாமா, அல்லது முழுத் தொகையையும் கடன்பற்று அட்டையில் 24 மாதத் தவணையாகப் போடலாமா? கையில் உள்ள 9,000 ரிங்கிட் திருமணச் செலவுக்கானது. – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இரண்டுமே வேண்டாம் என்பேன். அதற்கு முதற்காரணம் பணமன்று, தேதி. நட்ட முடி இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் மட்டும் தோலுக்குள் தங்கி, மூன்று நான்கு மாதங்கள் கழித்து மெல்லிய முடியாக முளைக்கத் தொடங்கும். முழுப் பலனைக் காண ஏறக்குறைய ஓர் ஆண்டாகும். இன்றே அறுவை செய்துகொண்டாலும் தாலி கட்டும் நாளில் உங்கள் தலையில் இருப்பது அரைகுறை வளர்ச்சிதான். திருமணத்திற்கென்று வாங்கும் பொருள் திருமணம் முடிந்த பிறகே வந்து சேரும் என்றால், அதற்காக அவசரப்பட்டுக் கடன்படுவதில் பொருளில்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். கழிவு போக 12,500 ரிங்கிட். சேமநிதியிலிருந்து 6,200 எடுத்தால் கடன் 6,300. ஆறு விழுக்காடு என்று வங்கி சொல்வது, நீங்கள் அடைத்துக்கொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டி போடும் நிலையான முறையாக இருக்கலாம். அப்படியானால் ஐந்தாண்டுக்கு வட்டி மட்டும் 1,890 ரிங்கிட், மாதத் தவணை 136 ரிங்கிட் 50 சென். குறைந்துவரும் நிலுவைக்கு ஏற்பக் கணக்கிட்டால் உண்மை விகிதம் 11 விழுக்காட்டை நெருங்கும். கிளினிக் தரும் 1,500 ரிங்கிட் கழிவை இந்த வட்டியே விழுங்கி, மேற்கொண்டு 390 ரிங்கிட்டையும் கேட்கிறது. அட்டைத் தவணை வட்டியில்லாததாகவே இருந்தாலும் மாதம் 521 ரிங்கிட், அதாவது உங்கள் கைச்சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு. புதுக்குடித்தனத்தின் முதல் இரண்டு ஆண்டில் அது சிறு தொகையன்று. ஒரு மாதம் அட்டை நிலுவையை முழுதாகக் கட்ட முடியாமல் போனால், கட்டும் ஒழுங்கைப் பொறுத்து ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டி ஏறும்.

பிளெக்சிபல் கணக்கு 2024 மே 11 முதல் நடப்பில் உள்ளது. காரணம் கேட்காமல் பணம் தருகிறார்கள் என்பதே அதன் வசதியும் ஆபத்தும். உங்கள் 6,200 ரிங்கிட்டை 55 வயது வரை தொடாமல் விட்டு, ஆண்டுக்கு 5 விழுக்காடு ஈவு கிடைப்பதாக வைத்துக்கொண்டால் அது 22,000 ரிங்கிட் ஆகும். மருத்துவக் காப்புறுதியை நம்பவும் வழியில்லை. அழகுக்கான சிகிச்சையை அந்தப் பத்திரங்கள் பொதுவாக விலக்கிவைத்துள்ளன.

இனி, பலரும் கணக்கில் சேர்க்காத செலவு ஒன்று உண்டு. ஆண்களின் வழுக்கை பெரும்பாலும் டிஎச்டி என்னும் ஹார்மோனுக்கு முன்தலை வேர்கள் பரம்பரையாகக் கூருணர்வு கொண்டிருப்பதால் வருவது. பின்தலை வேர்களுக்கு அந்தப் பலவீனம் குறைவு என்பதால்தான் அங்கிருந்து எடுத்து முன்னால் நடுகிறார்கள். நட்டவை பெரும்பாலும் நிலைக்கும். ஆனால் சுற்றியுள்ள உங்கள் சொந்த முடி தொடர்ந்து உதிரும். 29 வயதில், உதிர்வு இன்னும் நடந்துகொண்டிருக்கும்போது நெற்றியை மட்டும் நிரப்பினால், சில ஆண்டுகளில் நட்ட முடி ஒரு தீவுபோல் தனித்து நிற்கக்கூடும். அதைத் தடுக்க ஃபினாஸ்டிரைட், மினாக்சிடில் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியிருக்கும். நிறுத்தினால் பலனும் போய்விடும். மருந்துக்கும் மருத்துவரைப் பார்ப்பதற்கும் மாதம் 100 ரிங்கிட் என்று வைத்தாலும் பத்து ஆண்டில் 12,000 ரிங்கிட், ஏறத்தாழ இன்னோர் அறுவையின் விலை. பின்தலையில் எடுக்கத்தக்க வேர்களோ அளவானவை. எடுத்த இடத்தில் மீண்டும் வளர்வதில்லை.

எல்லா உதிர்வும் பரம்பரை வழுக்கையுமன்று. கடும் காய்ச்சலோ திடீர் உடல் இளைப்போ வந்து இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொத்தாக உதிர்வதும், பிறகு தானாகத் திரும்புவதும் உண்டு. வட்ட வட்டமாக விழும் உதிர்வு நோய் எதிர்ப்பாற்றலின் கோளாறு. அதற்கு நடவு பொதுவாக ஏற்றதன்று. ஆகவே முதலில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குச் சென்று, தோல் நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் பெறுங்கள். குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். காத்திருக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. ஃபினாஸ்டிரைட் மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாதது. பாலியல் தொடர்பான பக்கவிளைவுகள் சிலருக்கு ஏற்படுவதால், மணமாகப் போகிறவர் அதை மருத்துவரிடம் கூச்சமின்றிப் பேசிவிட வேண்டும். (தண்ணீர்மலை முருகன் கோயிலில் மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்று உறவினர் யாராவது சொல்லியிருப்பார்கள். மழிப்பதால் வேர் தடிப்பதில்லை. காணிக்கைக்காகப் போடுங்கள், முடிக்காக வேண்டாம்.)

மருந்தில் ஓராண்டு இருந்து உதிர்வு நின்ற பிறகும் நடவு வேண்டும் என்றால், மாதம் 400 ரிங்கிட்டாகத் தனிக் கணக்கில் சேருங்கள். முப்பத்தைந்து மாதத்தில் 14,000 ரிங்கிட் கையில் இருக்கும். அப்போது விலைகளை ஒப்பிடும்போது கிராஃப்ட் எண்ணிக்கையையும் முடி எண்ணிக்கையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும் என்பதால் "4,000 முடி" என்னும் விளம்பரம் 2,000 கிராஃப்டாகவே இருக்கலாம். அறுவை செய்பவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்று, நடப்பாண்டில் தொழில் செய்வதற்கான சான்றிதழ் உள்ளவரா என்பதையும், வேர்களை எடுப்பதும் நடுவதும் அவரா உதவியாளர்களா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

இம்மாத இறுதிக் கழிவைப் பற்றிக் கிளினிக் மீண்டும் அழைத்தால், முன்பணம் எந்த நிலையில் திருப்பித் தரப்படும் என்பதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். பதில் வரும்வரை 9,000 ரிங்கிட்டிலிருந்து ஒரு சென்கூட எடுக்க வேண்டாம். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் அது போதாமலே போகலாம்.