கோட்டைச் சுவர் இடுக்கில் புதையல் பெட்டியை ஒளிக்கலாமா?

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் 20 பேரைப் பள்ளி விடுமுறையில் கோல சிலாங்கூர் புக்கிட் மெலாவத்திக்குக் கூட்டிப்போக இருக்கிறோம். எல்லாரும் 10 முதல் 14 வயதுக்குள். சும்மா சுற்றிப் பார்ப்பதோடு விடாமல், குறிப்பைப் படித்துப் பெட்டியைத் தேடி முத்திரை குத்தும் 'லெட்டர்பாக்ஸ்' விளையாட்டாக நடத்த ஆசை. பெட்டியைக் கோட்டைச் சுவர் இடுக்கில் வைக்கலாம் என்கிறார் என் கணவர். சரியா? குறிப்புகளை எப்படி எழுதுவது? குரங்குத் தொல்லை இருக்குமா?
– வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: சுவர் இடுக்கு வேண்டவே வேண்டாம், சகோதரி. ஒரு இடுக்கில் பெட்டி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் 20 பிள்ளைகளும் 20 இடுக்குகளிலும் கையை விடுவார்கள். இருநூறு ஆண்டுக்கு மேல் நிற்கும் கல் அது. ஒன்று பெயர்ந்தால் திரும்ப வராது. பாம்போ தேளோ கல்லுக்குள் இருக்கலாம் என்பது வேறு. இந்த விளையாட்டு பிறந்த இங்கிலாந்தின் டார்ட்மூரில், 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி கிரான்மியர் குளத்தருகே ஒரு போத்தலை வைத்தார். நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். அங்கேயும் இன்று பழைய சின்னங்களிலும் சுவர்களிலும் பெட்டி வைக்கக்கூடாது என்பதுதான் விதி.

அப்படியானால் கோட்டை எதற்கு? குறிப்புக்கு. விடை கோட்டையில் இருக்கட்டும், பெட்டி வேறு எங்காவது இருக்கட்டும். பிள்ளைகள் கண்ணால் பார்த்து, அறிவிப்புப் பலகையைப் படித்து விடையைக் கண்டுபிடிக்க வேண்டும். கல்லைத் தொடவே தேவையில்லை.

அதற்கான கதை அந்த மலையில் நிறைய இருக்கிறது. 1784-இல் டச்சுக்காரர்கள் சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிமிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் 'ஆல்டிங்ஸ்பர்க்' என்று அழைத்தார்கள். சுல்தான் பகாங்குக்குப் போய் ஆள் திரட்டி வந்து, அடுத்த ஆண்டே கோட்டையை மீட்டுவிட்டார். ஆனால் அந்த டச்சுப் பெயர் இன்றும் மலைமேல் இருக்கிறது, கலங்கரை விளக்கத்தின் பெயராக! இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை அந்த வெள்ளைக் கோபுரத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். ஆகவே முதல் குறிப்பை இப்படித் தொடங்கலாம்:

பகலில் உறங்குவேன், இரவில் கண் சிமிட்டுவேன்.
தோற்று ஓடியவன் வைத்த பெயரை இன்னும் சுமக்கிறேன்.
என் வாசலுக்கு முதுகைக் காட்டி நில்,
கடலைப் பார்க்கும் இரும்பு வாய்களை எண்ணு.

பீரங்கிகளின் எண்ணிக்கைதான் அடுத்த குறிப்பின் எண். எண்ணிக்கையை நீங்களே ஒரு வாரம் முன்பே போய்ச் சரிபார்த்துவிடுங்கள். தலை வெட்டும் பாறையாகச் சொல்லப்படும் 'பத்து ஹம்பார்' என்ற கல்லையும் நச்சுக் கிணற்றையும் கதையாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அரச கல்லறையை மட்டும் விளையாட்டில் சேர்க்காதீர்கள். சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்கள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். அமைதியாக நின்று பார்த்துவிட்டு வரும் இடம் அது.

திசைகாட்டி கொடுப்பதானால் ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், திருத்தம் தேவையில்லை. ஆனால் பீரங்கி இரும்பு. அதன் பக்கத்தில் முள் இழுபட்டு வேறு திசையைக் காட்டும். ஒரு முறை எங்கள் குழுப் பையன் பீரங்கிமேல் திசைகாட்டியை வைத்துப் பார்த்துவிட்டு, கடல் கிழக்கே இருக்கிறது என்று அடித்துச் சொன்னான்! பத்துக் காலடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். காலடிக் கணக்கைக் குறிப்பில் அதிகம் நம்பாதீர்கள். 10 வயதுப் பிள்ளையின் காலடியும் 14 வயதுப் பையனின் காலடியும் ஒன்றில்லை. மரம், படி, பலகை என்று அடையாளம் சொல்லுங்கள். எழுதி முடித்ததும், அந்த மலையைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

குரங்குகள் கட்டாயம் இருக்கும். சாம்பல் நிற லோத்தோங் குரங்குகள் சாது. வால் நீண்ட கெரா அப்படியில்லை, பிளாஸ்டிக் பையைக் கண்டாலே பிடுங்கும். நான் முதன்முதலில் வைத்த பெட்டி ஒரு பழைய பிஸ்கட் டின். எவ்வளவு கழுவியும் வாசம் போகவில்லை போலிருக்கிறது. மறுவாரம் போனபோது மூடி ஒரு பக்கம், கடித்த புத்தகம் ஒரு பக்கம், முத்திரையைக் காணவே காணோம். அதிலிருந்து இறுக மூடும் புதிய டப்பாதான் வைக்கிறேன். உள்ளே தெரிகிற கண்ணாடி மாதிரி டப்பாவாக இருக்கட்டும். இது விளையாட்டுப் பெட்டி என்று மலாயிலும் எழுதி ஒட்டுங்கள். பார்ப்பவர்கள் பயப்பட மாட்டார்கள். மிட்டாய் எதுவும் உள்ளே வேண்டாம். பசியாறுவதைக் கீழேயே முடித்துவிட்டு ஏறுங்கள்.

முத்திரையைப் பிள்ளைகளே செதுக்கட்டும், இதில்தான் அவர்களுக்குச் சந்தோஷம் அதிகம். மெல்லிய தாளில் மென்மையான பென்சிலால் அழுத்தி வரையுங்கள். அதை அழிப்பான்மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் படம் இடவலம் மாறிப் பதியும். வரைந்த கோடுகளைச் சுற்றியுள்ள பகுதியைப் பெரியவர் ஒருவர் கத்தியால் சீவிக் கொடுக்கலாம். குத்தினால் எழுத்து நேராக விழும். ஆளுக்கொரு முத்திரை: ஒருத்திக்கு ரப்பர் பால் மங்கு, ஒருவனுக்குச் செம்பனைக் குலை. பெட்டியின் முத்திரை பிள்ளையின் நோட்டில், பிள்ளையின் முத்திரை பெட்டியின் நோட்டில். பேனா வேண்டாம், ஈரத்தில் கரையும். பென்சில் போதும்.

முன்கூட்டியே நகராண்மைக் கழகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். காலை 8 மணிக்கே ஏறத் தொடங்குங்கள். பிற்பகலில் இடி இறங்கும் மலை அது. இடி கேட்டால் விளையாட்டு பாதியில் நின்றாலும் கீழே இறங்கிவிட வேண்டும். பெட்டிகளைக் காலையில் வைத்து, அன்று மாலையே எண்ணி எடுத்துவிடுவது நல்லது.

நிரந்தரமாக ஒரு பெட்டி வேண்டுமென்றால் பெஸ்தாரி ஜெயாவிலேயே, உங்களுக்குத் தெரிந்தவர் கண்காணிக்கும் இடத்தில் வையுங்கள். அதற்கான குறிப்பை, பாட்டியிடம் கேட்டால்தான் விடை கிடைக்கும்படி எழுதுங்கள். காலையில் தோட்டத் தொழிலாளர்கள் கூடி நின்ற பெரட்டுக் களம் எங்கே இருந்தது, ரப்பர் பாலை எடைபோட்ட கொட்டகை எந்தப் பக்கம், ஊருக்கு முன்பு என்ன பெயர்? பத்தாங் பெர்ஜுந்தை என்று எத்தனை பிள்ளைகள் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.