ஏழைப் பெண் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுப்பதால் படிப்புக்கு என்ன பயன்?

'அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு டியூஷன் வைத்தாலாவது மார்க் கூடுமே' என்றும் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் அம்மா இதையே கொஞ்சம் கோபமாகக் கேட்டார்.

எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்லை. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். ஆறாம் வகுப்பில் சிலம்பத்தில் சேர்ந்தேன். முதல் இரண்டு மாதம் கம்பைத் தொடவே விடவில்லை. நெல் அடிக்கும் களத்தில் வெறும் காலடிதான், முன்னே, பின்னே, சுற்றி. கம்பு கைக்கு வந்தபோது அது என் நெற்றி உயரம் இருந்தது.

தற்காப்பு, தற்காப்பு என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். அவ்வளவு நீளக் கம்பைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏற முடியுமா? அதுவும் தொந்தரவு பெரும்பாலும் தெரிந்தவர்களிடமிருந்துதான் வருகிறது, அதற்கெல்லாம் சிலம்பத்தில் வீச்சு கிடையாது. எனக்குக் கிடைத்தது வேறு. சிலம்பத்தில் எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், கம்பைப் பார்த்தால் அடி விழும். 'குனிஞ்ச தலை நிமிராத புள்ள' என்று பெயர் வாங்க வளர்த்த எங்களுக்கு இது வரவே மாதக்கணக்கானது. பதினோராம் வகுப்பில் பஸ்ஸில் ஒருவன் ஒட்டி நின்றான். கால் தானாக ஒரு அடி பின்னால் போய் ஊன்றிக்கொண்டது, முகத்தைப் பார்த்து 'தள்ளி நில்லு' என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

சரி, படிப்புக்கு வருகிறேன். எங்கள் சிலம்ப வாத்தியாருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் ஒரு விதி வைத்திருந்தார். ஆறரைக்குக் கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, அங்கேயே புத்தகப் பையைத் திறக்க வேண்டும். பி.எட். படித்த ஓர் அக்கா கணக்குச் சொல்லிக்கொடுப்பார். அதற்கு முன் யாராவது ஒருத்தி ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். திக்கினால் மறுநாள் இருபது காலடி கூடுதல். நான் திக்காமல் வாசிக்கக் கற்றதே அந்த இருபதுக்குப் பயந்துதான். வெறும் டியூஷன் என்றால் பாதிப் பேர் தம்பியைப் பார்த்துக்கொள்ளணும், தண்ணீர் பிடிக்கணும் என்று நின்றிருப்போம். கம்புக்கு ஓடி வந்தோம்.

எட்டாம் வகுப்பில் வயதுக்கு வந்தேன். சடங்கு முடிந்ததும் அம்மா கம்பை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். வாத்தியார் வீட்டுக்கு வந்தார். திண்ணையில்கூட உட்காரவில்லை.

'என்ன தங்கச்சி, புள்ளய அனுப்பல?'

'வயசுக்கு வந்த புள்ளண்ணே. கம்பத் தூக்கிக்கிட்டு காலை அகட்டி நின்னா ஊரு என்ன பேசும்?'

'பேசட்டும். பொங்கலுக்கு நாலு பேரு முன்னாடி சுத்துறதா இருக்கு. இவ இல்லாட்டி ஜோடி இல்ல. பொங்கல் வரைக்கும் விடு.'

பொங்கல் வந்தது, போனது. அப்புறம் அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த வருடம், 2018 நவம்பர் 16, கஜா புயல். எங்கள் கூரை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. ஊரில் தென்னை சாய்ந்துவிட்டது, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நேரம் பார்த்து, திருப்பூர்ப் பக்கம் மில்லுக்கு ஆள் சேர்க்க ஒருவர் முன்பணத்தோடு வந்தார். அம்மா என் ஆதார் அட்டையை எடுத்து வைத்துவிட்டார். குறை சொல்ல மாட்டேன், வீட்டுக்குக் கூரை வேண்டும். வாத்தியார் மறுபடி வந்தார். 'தை மாசம் மாவட்டப் போட்டி இருக்கு, அது முடியட்டும் தங்கச்சி.' தையில் சம்பா அறுப்புக் கூலி கொஞ்சம் வந்தது. மாசியில் 'பரீட்சை நெருங்குது, முடிச்சுட்டுப் போகட்டும்' என்றார். மில்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டார். சிலம்பம் எனக்கு வாங்கிக் கொடுத்தது தவணைதான், டியூஷனுக்காக யாரும் இப்படி வாசலில் வந்து தவணை கேட்டிருக்க மாட்டார்கள்.

பன்னிரண்டு முடித்ததும் மாப்பிள்ளைப் பேச்சு. அடம்பிடித்து மன்னார்குடியில் கல்லூரியில் சேர்ந்தேன். அந்த 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள திட்டம். தேவதாசி முறையை எதிர்த்து நின்ற அவர் மயிலாடுதுறைக்குப் பக்கத்து மூவலூரில் வளர்ந்தவர், நம்ம பக்கத்து ஆள் என்று எனக்கு ஒரு பெருமை. பணம் என் பெயரில் வந்ததும் மாப்பிள்ளைப் பேச்சு தானாகத் தள்ளிப்போனது. இப்போது பி.எட். படிக்கிறேன்.

கசப்பு ஒன்றும் சொல்ல வேண்டும். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்த பிறகு, போட்டி நடத்துகிறேன் என்று வசூல் செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். நானும் கடன் வாங்கிக் கட்டணம் கட்டி ஒரு 'தேசிய' போட்டிக்குப் போய்ப் பதக்கம் வாங்கினேன். அந்தச் சான்றிதழ் எங்கும் செல்லாது என்று பிறகுதான் தெரிந்தது. பணம் கட்டும் முன் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வியின் கடைசியில் 'எங்கள் அமைப்பு மூலம் ஒரு கிராமத்துக்கு ஐம்பது கம்பு வாங்கித் தரலாமா' என்று இருக்கிறது. கம்பு வேண்டாம், ஆற்றங்கரையில் மூங்கில் இருக்கிறது, வாத்தியார்கள் வெட்டி ஊறப்போட்டுத் தயார் செய்துகொள்வார்கள். பாவாடையோடு காலடி போட முடியாது, அதனால் டிராக் பேன்ட் வாங்கிக் கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு மாதம் ஒரு பாக்கெட் நாப்கின். களத்தில் ஒரு நல்ல விளக்கு போடுங்கள், ஆறரைக்கு மேல் புத்தகத்தில் எழுத்து தெரிய வேண்டும்.