அண்ணை யாருடைய ஆள்?

கேள்வி: வெள்ளவத்தையில் மூன்று அறை ஃபிளாட் ஒன்று பார்த்திருக்கிறோம். நாலு கோடி சொல்கிறார்கள். அம்மா கோப்பாய்க் காணியை விற்ற காசும் எங்கள் சேமிப்பும் இருக்கின்றன. வாங்குகிற எங்களுக்கென்று தனியாக ஒரு தரகர் பிடிப்போம் என்கிறார் கட்டாரில் இருக்கும் கணவர். ஃபிளாட்டைக் காட்டிய தரகர் அண்ணை மிக நல்லவர். ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போவார். எங்களிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசையும் அவரே ஒழுங்கு செய்துவிட்டார். இன்னொருவரைப் பிடித்தால் அவர் மனம் நோகாதா? வீண்செலவும்தானே?
வாசகி, கொழும்பு 6

பதில்: ஒரு சதமும் கேட்கவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஏன் கேட்கவில்லை என்று யோசித்தீர்களா, மகள்? அவருக்குக் காசு வருகிற இடம் வேறு. கொழும்பில் பெரும்பாலும் விற்பவர்தான் தரகுக் காசு கொடுப்பார். நூற்றுக்கு மூன்று என்று வையுங்கள், நாலு கோடிக்கு 12 இலட்சம். நீங்கள் பேரம் பேசி 20 இலட்சம் குறைத்தால் அண்ணைக்கு 60,000 ரூபா நட்டம். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கூலி தருகிறவருக்கு வேலை செய்கிறார்.

அப்புறம், சாப்பாட்டு மேசையில் என்னென்ன பேசினீர்கள்? கோப்பாய்க் காணி என்ன விலைக்குப் போனது என்று அவருக்குத் தெரியுமா? தெரிந்தால் விற்பவருக்கும் தெரியும்.

நொத்தாரிசு கதையை வாசித்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. உறுதியை 30 வருடம் பின்னோக்கித் தேட வேண்டியவரை விற்பவரின் ஆளா பிடித்துத் தருவது? நாளைக்கே மாற்றுங்கள்.

உங்கள் தரகருக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள், விலை ஏற அவர் கூலியும் ஏறும். ஒரே தொகையாகப் பேசி எழுத்தில் வாங்குங்கள். அதே ஒழுங்கையில் அண்மையில் ஃபிளாட்டுகள் என்ன விலைக்குக் கைமாறின, அனுமதித்த வரைபடப்படிதான் கட்டினார்கள் என்ற இணக்கச் சான்றிதழ் கட்டடத்துக்கு உண்டா, பராமரிப்புக் கட்டணத்தில் பழைய பாக்கி நிற்கிறதா என்று அவர் அலைந்து பார்க்கட்டும். வாகனத் தரிப்பிடம் உறுதியில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது நான் பட்ட பாடு. தெஹிவளையில் "இது உங்களுடைய இடம்" என்று விரலால் காட்டினார்கள், உறுதியில் ஒரு வரி இல்லை. ஆறு வருடம் கார் வீதியில் நனைந்தது.

வீண்செலவா? முத்திரை வரி மட்டும் ஏறக்குறைய 16 இலட்சம், வாங்குகிற நீங்கள்தான் கட்டப்போகிறீர்கள். அதற்குப் பக்கத்தில் இந்தக் கூலியை வைத்துப் பாருங்கள்.

அண்ணையின் மனம் நோகுமென்றால் நோகட்டும். பெற்றவள் நிலத்தை விற்றுத் தந்த காசைக் காப்பது பிள்ளையின் கடமை. உங்கள் முகத்தாட்சணியத்துக்கு அம்மாவின் காசில் விலை கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. கடிதத்தில் கணவர் வருகிறார், அண்ணை வருகிறார், அம்மாவின் காசு வருகிறது. அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லையே? இன்றைக்கே கேளுங்கள்.

ஞாயிறு அண்ணை வந்தால் வழக்கம்போலச் சமைத்துப் போடுங்கள். விலைப் பேச்சை எடுத்தால், "எங்கட ஆள் கதைப்பார்" என்று சொல்லிவிட்டு நண்டுக்கறியை அவர் பக்கம் தள்ளுங்கள்.