டி.ஓ. டாக்டர் இடுப்புவலிக்குக் கைச்சிகிச்சையும் அக்குபஞ்சரும் சொல்கிறார், நம்பிப் போகலாமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். புது டாக்டரின் பெயருக்குப் பின்னால் எம்.டி.க்குப் பதில் டி.ஓ. என்று இருக்கிறது. மாதக்கணக்காக விடாத இடுப்புவலிக்கு அவர் கையாலேயே சிகிச்சை செய்வதாகச் சொல்கிறார், கூடவே அக்குபஞ்சரும் பார்க்கலாம் என்கிறார். இதெல்லாம் பாதுகாப்பானதா, போகும் முன் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பது கேள்வி.

தாராளமாகப் போகலாம், சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போனால். நான் மிச்சிகனில் இருக்கிறேன். எங்கள் குடும்ப டாக்டரே டி.ஓ.தான். நாள்பட்ட இடுப்புவலிக்கு இந்த இரண்டு சிகிச்சையும் எடுத்துக்கொண்ட நோயாளியாகத்தான் எழுதுகிறேன், நான் மருத்துவர் இல்லை.

முதலில் அந்த டி.ஓ. என்றால் என்ன என்று பார்ப்போம். நம் ஊரில் டி.ஓ. என்று போட்டிருந்தால் கண் மருத்துவ டிப்ளோமா. இங்கே அது ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1874-இல் முன்வைத்த மருத்துவமுறை, 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் ஊரில் முதல் கல்லூரி. இன்று அமெரிக்காவில் டி.ஓ. என்றால் நாலு வருட மருத்துவக் கல்லூரி, அப்புறம் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி, மாநில உரிமம் எல்லாம் முடித்த முழு டாக்டர். மருந்து எழுதலாம், ஆபரேஷன் செய்யலாம். எம்.டி.யோடு ஒப்பிட்டால் கூடுதலாக இருப்பது கையால் தசையையும் மூட்டையும் கையாளும் பயிற்சி, ஏறக்குறைய 200 மணி நேரம். ஆனால் படித்து முடித்த பிறகு பெரும்பாலான டி.ஓ.க்கள் அதை அதிகம் செய்வதில்லை. அதனால் "டாக்டர், இதை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, எங்கள் டாக்டர் சந்தோஷமாகவே பதில் சொன்னார்.

லண்டனில் இருக்கும் உறவினர் "நானும் ஆஸ்டியோபாத்திடம்தான் போகிறேன்" என்று சொன்னால் அது வேறு கதை. அங்கே ஆஸ்டியோபாத் என்பவர் பொதுவாக டாக்டர் இல்லை. 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சிலில் பதிவு செய்த சிகிச்சையாளர். இரண்டு பேர் அனுபவத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்றால், எனக்கு முதல் தடவை பாதி நேரம் கேள்வியிலும் சோதனையிலுமே போனது. நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார், காலை நீட்டித் தூக்கிப் பார்த்தார். பிறகு மேசையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, என் காலைத் தன் கையால் தாங்கிக்கொண்டு, "என் கையை எதிர்த்து மெதுவாகத் தள்ளுங்கள்" என்றார். சில விநாடி தள்ளினேன், "விடுங்கள்" என்றார், இறுக்கம் தளர்ந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார். இதையே திரும்பத் திரும்ப. வலியே இல்லை. பெரும்பாலான கைச்சிகிச்சை இப்படி மென்மையானதுதான். ஒரு வகையில் மட்டும் சட்டென்று ஒரு சின்ன உந்தல் கொடுப்பார்கள், 'டக்'கென்று சத்தம் வரும். அது மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம். ஊரில் சுளுக்கு எடுப்பவர் சொல்வதுபோல் விலகிய எலும்பு திரும்பப் போய் உட்காரும் சத்தம் அல்ல. 'உங்கள் எலும்பு விலகியிருக்கிறது, வாராவாரம் வந்து உட்கார வைத்துக்கொள்ள வேண்டும்' என்று யாராவது சொன்னால், அவர் எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் எனக்கு நம்பிக்கை போய்விடும்.

மறுநாள் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கலாம். ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும்.

கழுத்து விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கழுத்தை வேகமாகத் திருப்பி உந்தும் முறையில், அபூர்வமாக என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. என் கழுத்தில் அது வேண்டாம் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன், டாக்டர் வேறு மென்மையான முறையைச் செய்தார். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. எலும்புத் தேய்மானம் வேறு, எலும்பு அடர்த்திக் குறைவு வேறு. இரண்டாவது இருப்பவர்கள், அதாவது ஆஸ்டியோபோரோசிஸ் உள்ள நம் அம்மாக்கள், பாட்டிகள், இந்த உந்தலைத் தவிர்க்க வேண்டும். ருமட்டாய்டு மூட்டுவாதம், புற்றுநோய், நீண்ட நாள் ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இதில் எது இருந்தாலும் கை வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கைச்சிகிச்சையோ ஊசியோ யோசிக்கவே கூடாத நிலை ஒன்று இருக்கிறது. இடுப்புவலியோடு சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்கினால் மணிக்கணக்கில் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பில் முடியலாம். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்த பின் வந்த வலி என்றால், முதலில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டும். சிகிச்சை அப்புறம்.

அக்குபஞ்சர் ஊசி தலைமுடியை விடச் சற்றுத் தடிமன்தான், மருந்து ஏற்றும் ஊசிபோல உள்ளே துளை இருக்காது. சின்னக் குழாயில் வைத்து மேலே ஒரு தட்டு, அவ்வளவுதான். சில இடங்களில் ஒரு கனமான, மந்தமான வலி பரவும். அது எதிர்பார்ப்பதுதான். சுரீர் என்று மின்சாரம் மாதிரி இழுத்தால் உடனே சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், சிலருக்கு மயக்கம் வரும். ஊசி உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கிறாரா, முடிந்ததும் கூரான கழிவுகளுக்கான டப்பாவில் போடுகிறாரா என்று பாருங்கள். இங்கே அது கிருமி நீக்கிய, ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் ஊசியாகத்தான் இருக்க வேண்டும். உடம்பில் பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் கொடுக்கும் முறை கூடாது. கர்ப்பம் என்றால் சொல்லாமல் இருக்கவே கூடாது. தோள்பட்டையிலோ மார்பிலோ குத்திய ஊசி நுரையீரல் உறையைத் தொட்டுவிடுவது அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் செய்தால் வலி குறையுமா? ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1162 பேரை வைத்து ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முறையான அக்குபஞ்சரில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல பலன். அக்குபஞ்சர் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியதிலும் 44.2 சதவீதம். மாத்திரை, உடற்பயிற்சி, பிசியோதெரபி என்ற வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம். ஆக, ஊசி எந்தப் புள்ளியில் போகிறது என்பதற்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை. ஆனாலும் வலி குறைந்தவர்கள் நிறையப் பேர். கைச்சிகிச்சையில் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. டெக்சாஸில் 455 பேரிடம் செய்து 2013-இல் வந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா செய்வதுபோல் காட்டும் போலிச் சிகிச்சையை விடத் தெளிவான முன்னேற்றம். பிரான்சில் 400 பேரிடம் செய்து 2021-இல் வந்ததில் வித்தியாசம் மிகச் சிறியது. என் அனுபவமும் இதற்கு நடுவில்தான். வலி முழுக்கப் போகவில்லை. நடைப்பயிற்சியும் இடுப்புப் பயிற்சியும் செய்கிற அளவுக்குக் குறைந்தது. அந்தப் பயிற்சிகள்தான் என்னை இன்றுவரை காப்பாற்றுகின்றன.

ஊரில் இருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அக்குபஞ்சர் பெயரில் சிலர் 'ஆங்கில மருந்தை எல்லாம் நிறுத்துங்கள்' என்கிறார்கள். இன்சுலினையும் பிரஷர் மாத்திரையையும் அப்படி நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளுங்கள், சர்க்கரைக்கு மாத்திரையைத் தொடருங்கள். மருந்தை நிறுத்தச் சொல்பவரிடம் திரும்பப் போகாதீர்கள், தயவுசெய்து.

பணம். டி.ஓ. கைச்சிகிச்சை செய்தால் டாக்டரைப் பார்த்ததற்கு ஒரு கட்டணம், சிகிச்சைக்குத் தனிக் கட்டணம் என்று பில்லில் இரண்டு வரி வரலாம். எத்தனை உடல் பகுதிகளில் செய்தார் என்பதைப் பொறுத்து அந்த இரண்டாவது தொகை மாறும். முதலிலேயே இன்சூரன்ஸுக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள். மெடிகேர் (பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) உள்ள பெற்றோருக்கு 2020 ஜனவரியிலிருந்து நாள்பட்ட இடுப்புவலிக்கு மட்டும் அக்குபஞ்சர் உண்டு: 90 நாளில் 12 தடவை, முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் 8, வருடத்துக்கு 20-க்கு மேல் இல்லை, முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். மெடிகேர் இல்லாதவர்களுக்கும் இது நல்ல அளவுகோல் என்று நினைக்கிறேன். வலிக்கு பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்ப்பதை விட, காரில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, ராத்திரி தூக்கம் கலைகிறதா, அரிசி மூட்டையைத் தூக்க முடிகிறதா என்று எழுதி வைத்துப் பாருங்கள். மொத்தமாக முன்பணம் கட்டச் சொல்லும் பேக்கேஜ் எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

முதல் நாள் போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, ஊரிலிருந்து வந்த சித்த மருந்துச் சூரணம், எதையும் விடாமல். பழைய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் இருந்தால் அதையும்.